டிரில் பிடிக்கும் கைக்குக் கையுறை வேண்டாம்

காரைக்குடி வீட்டுக் கார் கொட்டகையில் பழைய தேக்குக் கதவைச் சீர்செய்கிறவர்களுக்கு, “டிரில் ஓட்டும்போது தடித்த கையுறை போடுங்கள், விரல் தப்பும்” என்கிறீர்கள். மன்னிக்கவும் அண்ணே, இது தலைகீழ். சாதாரண வீட்டு டிரில்லே நிமிடத்துக்கு 3000 சுற்று வரை ஓடும், நொடிக்கு 50. கையுறையின் ஒரு நூல் பிட்டில் (துளையிடும் சுழல்முனையில்) சிக்கினால் போதும், சுவிட்சை விடுவதற்குள் கையையே முறுக்கி இழுத்துவிடும். வெறுங்கையில் கீறலோடு போயிருக்கக்கூடியது எலும்பு முறிவாகிவிடும். தோளில் தொங்கும் துண்டும் அப்படித்தான். (ஆசாரி அதைத் தலையில் இறுக்கிக் கட்டுவது அழகுக்கா?) கையுறை, பலகை தூக்கவும் பெயின்ட் ரிமூவர் தடவவும்தான், ஆனால் ரிமூவருக்குத் துணிக் கையுறை உதவாது. துளையிடும்போது மரத்தைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொன்னீர்களே, அது சரி.