அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்

காரைக்குடி வாட்ஸப் குழுக்களில் இரண்டு நாளாகச் சுற்றுகிற அந்த வீடியோதான். நாலாம் வகுப்புப் பையன், 52-இல் 27 போனால் மீதி எத்தனை என்று தெரியாமல் நிற்கிறான், கேட்கிறவர் விடாமல் கேட்கிறார், பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். தயவுசெய்து அழித்துவிடுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதது அந்தப் பிள்ளையின் குற்றம் இல்லை.

"அரசுப் பள்ளியில் சேர்த்தால் இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற 2022 ஏசர் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் எடுத்தது, தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 4.8 சதவீதம். கொரோனாவால் ஒன்றாம் வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் பார்க்காமலே மேலே வந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் 2018-இலும் 10.2 தான். இத்தனை பிள்ளைகளும் மக்குகளா?

ஆசிரியருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதற்குத்தானே 2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்க. அதில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குறையைக் கேட்க வேண்டிய இடம் அந்தப் பையனின் முகம் இல்லை.

எனக்கும் மூன்றாம் வகுப்பில் இந்தக் கணக்கு வரவில்லை. பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள், கணக்குப் பாடம் என்றாலே வயிற்றைப் பிசையும். பள்ளிக்கூடமே போகாத என் அப்பத்தாதான் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குட்டி ஓலைக் கொட்டான்களில் போட்டு, ஐந்து கொட்டானும் உதிரி இரண்டும் முன்னால் வைத்தார். ஏழு எடு என்றார். இரண்டுதானே இருக்கு என்றேன். ஒரு கொட்டானைக் கவிழ்த்தார். அவ்வளவுதான், கடன் வாங்குவது என்ன என்று புரிந்துவிட்டது. கோபப்படாமல் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்தார், அதனால் வந்தது.

"முந்திரியும் மாகாணியும் மனக்கணக்காய்ப் போட்ட ஊர் இது" என்று ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். சரி, பர்மா வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழக, போன பிள்ளைகளுக்கு அந்தப் பழைய பின்னக் கணக்கு பிறவியிலா வந்தது? தினம் வாய்ப்பாடு சொல்லவைத்தார்கள், பெரியவர்கள் பக்கத்தில் வைத்துப் பழக்கினார்கள். அதுவும் சில வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். என் அப்பத்தாவை யாரும் உட்காரவைக்கவில்லை.

அந்த வீடியோவின் கடைசியில் பையன் சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டே கீழே பார்க்கிறான். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. நாளைக்கு அவன் பள்ளிக்கூடம் போகணும், எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்திருப்பார்கள்.