அபராதம் இரட்டிப்பாகாது, புள்ளிதான் இரட்டிப்பாகும்

ஈஸ்டர் போன்ற நீண்ட வார இறுதி நெருங்கினால் சிட்னி தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும்: "நியூ சவுத் வேல்ஸில் போக்குவரத்து அபராதம் இரண்டு மடங்கு. போலீஸ் நேரில் பிடித்தால் மட்டும்தான், கேமராவுக்குக் கவலை வேண்டாம்." இரண்டுமே தவறு.

அபராதத் தொகை வழக்கமானதுதான். இரட்டிப்பாவது டிமெரிட் புள்ளி, அதாவது விதி மீறும்போது ஓட்டுநர் உரிமத்தில் சேரும் தண்டனைப் புள்ளி. வேகம், சீட் பெல்ட், தலைக்கவசம், கைப்பேசி ஆகிய குற்றங்களுக்கே இது பொருந்தும். கேமராவில் சிக்கினாலும் இதே கணக்குதான்.

கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கிறது, மடியிலிருந்த போனைக் கையில் எடுத்து ஒரு மெசேஜ் பார்க்கிறீர்கள். சாதாரண நாளில் 5 புள்ளி, இந்த நாட்களில் 10. முழு உரிமம் வைத்திருப்பவருக்கே 3 ஆண்டுகளில் 13 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். பி-பிளேட், அதாவது தற்காலிக உரிமத்தில் ஓட்டும் பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. முதல் கட்டத்தில் வெறும் 4. பணத்தைப் பற்றி மட்டும் கவலைப்படும் பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை.

அப்புறம், நோட்டீஸ் விடுமுறை முடிந்து வந்தாலும் தப்ப முடியாது; குற்றம் நடந்த தேதிதான் கணக்கு. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் இந்த விடுமுறை இரட்டிப்பே கிடையாது.