ஒரு சீட்டு குடுங்கன்னு கேக்க என்னங்க கூச்சம்

நான் வக்கீல் இல்லீங்க, மொதல்லயே சொல்லிடறேன். சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டுல ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தா. கட்டு தூக்கறது, வாய்தா தேதி குறிக்கறது, நகலுக்கு மனு போடறது, இதான் நம்ம பொழப்பு. சட்டத்த புத்தகத்துல படிச்சதவிட வராண்டால நின்னு பாத்தது ஜாஸ்தி. அப்படி பாத்ததுல எனக்கு என்ன தோணுதுன்னா, நம்ம ஜனம் சட்டம் தெரியாம ஏமாறுறது பாதி தான், மீதி பாதி மொகதாட்சண்யம். கேட்டா தப்பா நெனச்சுக்குவாங்களோங்கற அந்த ஒரு கூச்சம்.

எங்க மாமா கதைய சொல்றேன், அவர்கிட்ட கேட்டுட்டு தான் எழுதறேன். சிவதாபுரம் பக்கம் கொலுசு பட்டறை, பட்டறைன்னா என்ன, வீட்டு முன் ரூம்ல அவரும் அத்தையும் இன்னும் ரெண்டு பேரும் உக்காந்து வேலை பாக்கறது தான். வெள்ளி வெலை ஏறி மொதலு பத்தாம போனப்ப தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட அம்பதாயிரம் வாங்கினாரு. புரோ நோட்டுல, அதான் கடனத் திருப்பித் தரேன்னு எழுதிக் குடுக்கற தாள்ல, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து, தேதி எழுதியாச்சு, தொகை எழுதற எடம் மட்டும் காலி. கூடவே வெறும் கையெழுத்து போட்ட செக் ரெண்டு. ஏன் மாமா காலியா குடுத்தீங்கன்னா, "அவரு நம்மள நம்பி பணம் எண்ணிக்கிட்டு இருக்காரு, அப்ப போய் தொகைய எழுதுங்கன்னு சொன்னா மூஞ்சி மாறாதா மாப்ள"ங்கறாரு.

ரெண்டு வருஷத்துக்கு மேல வாராவாரம் கட்டினாரு. கட்டின பணத்துக்கு ரசீதுன்னு ஒரு சீட்டு கெடையாது. அத்தை மட்டும் சுவத்துல மாட்டின தேதி காலண்டர்ல பென்சில்ல குறிச்சு வெச்சிருந்தாங்க, அதையும் போகி அன்னிக்கு பழைய பாயோட சேத்து கொளுத்திட்டாங்க.

நடுவுல ஒரு நாள் அந்த ஆளு வந்து நோட்டுக்கு பின்னாடி "ஆயிரம் ரூபா வரவு"ன்னு எழுதி ஒரு கையெழுத்து வாங்கிட்டு போயிருக்காரு. வரவு தானேன்னு மாமா சந்தோஷமா போட்டுக் குடுத்துட்டாரு. விஷயம் என்னன்னா புரோ நோட்டுக்கு மூணு வருஷம் தான் ஆயுசு, அது முடியறதுக்குள்ள ஒரு வரவு வெச்சு கையெழுத்து வாங்கிட்டா அன்னிலேர்ந்து மறுபடி மூணு வருஷம். வட்டிக்கு விடறவங்க எல்லாருக்கும் இது மனப்பாடம், வாங்கறவங்களுக்கு தான் தெரியறதில்ல.

அப்புறம் ஒரு செக்குல மூணு லட்சம்னு எழுதி பேங்க்ல போட்டு, அது திரும்பி, வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. போஸ்ட்மேன் வந்தப்ப மாமா உள்ள உக்காந்துக்கிட்டு அத்தைய விட்டு வாங்க மாட்டோம்னு சொல்லச் சொல்லிருக்காரு. வாங்கலேன்னா கேஸ் வராதாம்! சரியான அட்ரஸுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்து அத வேண்டாம்னு திருப்பி அனுப்பினா வாங்கினதா தாங்க கோர்ட் எடுத்துக்கும். செக் திரும்பின தகவல் வந்த 30 நாளுக்குள்ள அவங்க நோட்டீஸ் அனுப்பணும், அது நம்ம கைக்கு வந்து 15 நாளுக்குள்ள நாம பணம் கட்டலாம், கட்டலேன்னா அடுத்த ஒரு மாசத்துல அவங்க கேஸ் போடலாம், இதான் கணக்கு. அந்த 15 நாள் தங்கம் மாதிரி. வாங்கினது இவ்ளோ, கட்டினது இவ்ளோ, செக்கு ஜாமீனுக்கு குடுத்ததுன்னு ஒரு பதில் நோட்டீஸ் அப்பவே போயிருந்தா இன்னிக்கு எங்க வக்கீல் பேசறதுக்கு கைல ஒரு பேப்பர் இருந்திருக்கும்.

வெத்து செக்கு தாங்க குடுத்தேன்னு கூண்டுல நின்னு சொன்னா மட்டும் போதாது. 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, கையெழுத்து உன்னுதுன்னு ஒத்துக்கிட்டா மீதிய வேற ஒருத்தர் எழுதிருந்தாலும் கடனுக்கு குடுத்த செக்குன்னு தான் மொதல்ல எடுத்துக்குவோம், இல்லேன்னு காட்டறது உன் பொறுப்புன்னு. காட்ட முடியாதுன்னு இல்ல, காட்டலாம், ஆனா அதுக்கு அந்த காலண்டராவது வேணும்ல.

கந்துவட்டி தடைச் சட்டம் 2003லயே வந்தாச்சு, தண்டல், மீட்டர் வட்டின்னு நம்ம தெரு பேரையே சட்டத்துல எழுதி தடை பண்ணிருக்காங்க. புகார் குடுங்க மாமான்னா பழகின மனுஷன்டா விடுங்கறாரு. 1882 சேலம் கலவர கேஸ்ல பத்து வருஷ தண்டனை விழுந்தும் ஹைகோர்ட் வரைக்கும் போய் விடுதலை வாங்கின வக்கீல் விஜயராகவாச்சாரியார் ஊருங்க இது, இங்க தான் ஒரு சீட்டு கேக்க இவ்ளோ தயக்கம்.

போலீஸ் ஸ்டேஷன்லயும் இதே கதை தான். புகாரை குடுத்துட்டு "சரி போங்க கூப்புடறோம்"னு ரைட்டர் சொன்னதும் கும்புடு போட்டுட்டு வந்துடறாங்க. சி.எஸ்.ஆர்., அதான் புகார் வாங்கினதுக்கான ரசீது, அத குடுங்க சார்னு நின்னு கேளுங்க, நம்பர் போட்டு ஒரு தாள் வரும், அது இல்லேன்னா நீங்க அங்க போனதுக்கே ஆதாரம் இல்ல. புகார்ல இருக்கறது போலீஸ் நேரா நடவடிக்கை எடுக்கற மாதிரி குத்தமா இருந்தா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013லயே தீர்ப்பு இருக்கு. 2024 ஜூலைல வந்த புது சட்டத்துல சில வகை குத்தத்துக்கு மட்டும் 14 நாள் விசாரிச்சுட்டு முடிவெடுக்கலாம்னு இருக்கு. எங்க எல்லை இல்ல அந்த ஸ்டேஷனுக்கு போன்னு தொரத்தவும் முடியாது, எஃப்.ஐ.ஆர். நகலுக்கு காசும் கெடையாது. வாங்க மாட்டேன்னா டவுனுக்குள்ள கமிஷனருக்கு, வெளியன்னா எஸ்.பி.க்கு தபால்ல அனுப்பி அக்னாலெட்ஜ்மென்ட் கார்டை பத்திரமா வெச்சுக்கோங்க.

பொம்பளைங்க விஷயத்துல இந்த தாட்சண்யம் இன்னும் மோசம். சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் பாருங்க, தங்கச்சிங்க வரிசையா நின்னு, சொத்துல தன் பங்க விட்டுக் குடுக்கற விடுதலைப் பத்திரத்துல கைநாட்டு வெச்சுட்டு, அண்ணன் வாங்கிக் குடுத்த பிரியாணிய சாப்புட்டுட்டு பஸ் ஏறுவாங்க. என்ன எழுதிருக்குன்னு படிச்சீங்களான்னா அண்ணன்கிட்ட எப்படி கேக்கறதுங்கறாங்க. இந்துக் குடும்ப பூர்வீக சொத்துல மகளுக்கும் மகனுக்கும் சம பங்குன்னு 2005ல வந்து, அப்ப அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு கூட இல்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. விட்டுக் குடுக்கணும்னு ஆசப்பட்டா தாராளமா குடுங்க, படிச்சுட்டு குடுங்க.

போன மாசம் ஏற்காட்டுலேர்ந்து ஒரு அம்மா, எஸ்டேட்ல காபி பழம் பறிக்கறவங்க, இருவது கொண்டை ஊசி வளைவு எறங்கி வந்து புருஷன் ஜீவனாம்சம் தரலேன்னு வராண்டால நின்னாங்க. கைல காகிதம்னு ஒண்ணும் இல்ல, யாரோ ஒரு ஆளுகிட்ட ரெண்டாயிரம் ஏற்கனவே குடுத்துட்டாங்க, அவன் போன எடுக்கல. எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. பொம்பளைங்களுக்கு சம்பளம் எவ்ளோன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கும் அப்படியே, இந்தம்மா மலையாளிங்கற இந்த மலைப் பழங்குடி, கேரளாக்காரங்க இல்ல, ரெண்டு வகையிலயும் வராங்க. கோர்ட்டுக்குள்ளயே இருக்கற சட்ட உதவி ஆபீஸுக்கு கூட்டிட்டுப் போய் மனு எழுதி விட்டேன், நேர்ல வர முடியாதவங்க 15100க்கு போன் பண்ணாலும் போதும். மனு குடுத்துட்டு திரும்பினவங்கள நிறுத்தி ஒரு நகல்ல சீல் வாங்கச் சொன்னேன். "சாமி, கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களே"ன்னாங்க. யாரும் கோவிச்சுக்கல, டப்புனு குத்திக் குடுத்தாங்க.

மாமா கேஸ் இன்னும் வாய்தால தான் ஓடுது. போன வாரம் ஜெராக்ஸ் செலவுக்குன்னு ஐநூறு ரூபா எங்கிட்ட குடுத்துட்டு, "மாப்ள, இதுக்கு ஒரு சீட்டு குடுத்துரு"ன்னாரு. எனக்கே ஒரு நிமிஷம் சுருக்குன்னு தாங்க இருந்துச்சு. ஒண்ணும் பேசாம தேதி போட்டு எழுதிக் குடுத்தேன், ரெண்டு தடவ படிச்சுட்டு சட்ட பாக்கெட்டுல வெச்சுக்கிட்டாரு.