தையல் நாடாவையும் எடுங்கள்

உடற்திணிவுச் சுட்டி (BMI: கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 25க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று உடல் எடை பற்றிய உங்கள் கட்டுரை முடிகிறது. எங்கள் ஆட்களுக்கு அது சரிவராது. ஆசிய மக்கள் 23இலிருந்தே கவனமாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது. அதே சுட்டியில் வெள்ளைக்காரரை விட எங்களுக்குக் கொழுப்புக் கூட, அதுவும் வயிற்றைச் சுற்றி.

எங்கள் வீட்டையே பாருங்கள். திருக்கடலூரில் கரைவலை இழுக்கும் என் மச்சானுக்கு உயரம் 168 சென்றிமீற்றர், எடை 76 கிலோ. சுட்டி கிட்டத்தட்ட 27. கிளினிக்கில் 'உடம்பைக் குறையுங்கோ' என்றார்களாம். அந்தத் தோளையும் கையையும் பார்த்தால் எதைக் குறைப்பது என்று எனக்கு விளங்கவில்லை! இடுப்புச் சுற்றளவு 84 சென்றிமீற்றர்தான். அக்காவுக்கோ உயரம் 160, எடை 56, சுட்டி 22கூட இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவ 'மெலிஞ்ச ஆள்'. ஆனால் இடுப்பு 86, மூன்று வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை. இடுப்புச் சுற்றளவுக்குத் தெற்காசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர் என்பதுதான் எல்லை.

சுட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு தராசும் சுவரில் ஒரு அளவுகோலும் இருந்தால் ஊர் முழுக்கப் பார்த்துவிடலாம். பெல்ஜியத்துக் கணிதவியலாளர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கைப் போட்டதும் மக்கள் கூட்டத்தை ஆராயத்தான், தனி ஆளுக்கு வருத்தம் கண்டுபிடிக்க அல்ல. தசை எது, கொழுப்பு எது என்று அந்த வகுத்தலுக்குத் தெரியாதே.

அப்புறம், நாடாவை எங்கே பிடிப்பது என்று ஒரு படம் போடுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். அக்கா முதலில் சேலை கொசுவம் செருகும் இடத்தில் வைத்துத்தான் அளந்தா.