திருமயம் 'பெல்' அனல்மின் நிலையமா?

காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "திருமயம் பெல் அனல்மின் நிலையத்தைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். அங்கு எடுக்கும் கரண்ட் வெளிமாநிலம் போகிறது, அதனால்தான் செட்டிநாட்டில் மின்தடை." மூன்றுமே தவறு.

திருமயத்தில் இருக்கும் பெல் (பாரத மிகுமின் நிறுவனம், BHEL) ஆலையின் வேலை மின்சாரம் தயாரிப்பதே அல்ல. 2013-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்த ஆலை, மின்நிலையங்களுக்கான குழாய்களைச் செய்து கொடுக்கிறது. கொதிகலனில் உருவாகும் நீராவி 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டோடு, கடும் அழுத்தத்தில், மின்சாரம் எடுக்கச் சுழலும் டர்பைனுக்குக் குழாய் வழியே போக வேண்டும். தடித்த சுவருள்ள உலோகக் கலவைக் குழாயைச் சூடாக்கி வளைத்து, பற்றவைத்து, பற்றவைத்த இடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்றுகூடச் சோதிக்க வேண்டும். ஒரு மூட்டு விட்டுப்போனாலும் ஆட்களின் உயிருக்கே ஆபத்து. இவ்வளவு நுணுக்கமான வேலை நம் பக்கத்தில் நடப்பது பெருமைக்குரியது. அதைப் போய் இப்படித் திரித்துப் பரப்புவது வருத்தமாக இருக்கிறது.

சரி, விற்பனை? 1990-களிலிருந்தே பெல் பங்குகளில் ஒரு பகுதி சந்தைக்கு வந்திருக்கிறது. யாரும் வாங்கலாம், விற்கலாம். குழப்பம் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஒன்றிய அரசிடமே இருக்கிறது. திருவெறும்பூரில் கொதிகலன், ஹரித்துவாரில் டர்பைன் என்று செய்யும் அதே பொதுத்துறை நிறுவனம்தான் இது.

உங்கள் தெருவில் கரண்ட் போனால் கேட்க வேண்டிய இடம் மின்வாரியம். அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.