டேங்க் நிறையத் துரு, கழற்றுவதோ கார்புரேட்டரை!

பழைய கார் மேட்டில் இழுக்கவில்லை, ஓடும்போதே அணைந்துவிடுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கை வைத்துவிடுகிறார்கள் மெக்கானிக்குகள். ரிப்பேர் கிட் போட்டு, டியூன் பண்ணி, காசும் வாங்கியாயிற்று. கொஞ்ச நாளில் அதே கோளாறு. மறுபடியும் அதே கார்புரேட்டர்! குப்பை வருவது டேங்க்கிலிருந்து. அதை எட்டிக்கூடப் பார்க்காமல் எத்தனை கிட் மாற்றினால் என்ன?

பழைய பெட்ரோல் ஃபில்டரைத் தூக்கிப் போடும் முன், பெட்ரோல் உள்ளே நுழையும் வாயை ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் கொட்டினால் டேங்க் துரு. விரலில் மை போல இழுகும் கறுப்புத் துணுக்கு வந்தால் பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸின் உள்சுவர் கரைகிறது. ஒரு நிமிட வேலை இது. இதைக்கூடச் செய்யாமல் முழு ஓவர்ஹாலுக்குப் பில் நீட்டுவது என்ன நியாயம்?

அதைவிடக் கொடுமை, துருவின் மேலேயே சீலரை (டேங்க்கின் உள்சுவரில் பூச்சாகப் படியும் திரவம்) ஊற்றுவது. அது பிடிக்காது, தோல் தோலாக உரியும். உரிந்த தோல் உறிஞ்சு குழாயின் வாயை அடைத்தால் வண்டி நிற்கும். சற்று நேரத்தில் அது விலகி விழுந்ததும் மறுபடி ஸ்டார்ட் ஆகும். உடனே "பம்ப் போச்சு" என்று பம்பையும் மாற்றுவார்கள்! (மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் வண்டி இப்படித்தான் நிற்கும். திறந்ததும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் கோளாறு அங்கேதான்.)

முறையாகச் செய்வதென்றால் டேங்க்கை இறக்கி, வெந்நீரும் சோப்பும் விட்டுப் பழைய பெட்ரோல் பிசினை முதலில் எடுக்க வேண்டும். பிசின் இருக்கும்வரை அமிலம் துருவைத் தொடாது. பிறகு லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு நாள் ஊறல். கழுவி, சமையல் சோடா கரைசலால் அமிலத்தை முறித்து, அப்போதே சூடான காற்றில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே புதுத் துரு பூக்கும். ஓட்டை இருந்தால், காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

ஹோஸ் விஷயத்தில் அலட்சியம் பண்ணுகிறவர்களை மன்னிக்கவே முடியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். எஸ்ஏஇ 30ஆர்9 (SAE 30R9, தரக் குறியீடு) என்று அச்சிட்ட ஹோஸ் போடுங்கள். டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு 30ஆர்10 மட்டும்தான். மற்றவற்றின் வெளி ரப்பர் பெட்ரோலில் ஊறி நைந்துவிடும்.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் பம்பை மாட்டுகிறார்களே, அது உயிரோடு விளையாட்டு. பெரும்பாலான கார்புரேட்டருக்கு 3, 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அந்தப் பம்ப் 40 பிஎஸ்ஐ தள்ளினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் மிதவை ஊசி தாங்காது, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழியும்.

டேங்க், லைன், ஹோஸ், பம்ப் எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் கார்புரேட்டர். அப்போதும் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகி பெட்ரோல், காற்றுக் கலவையே மாறிவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். முதல் டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் ஃபில்டரை மறுபடி மாற்றுங்கள். லைனில் மிச்சமிருந்த தூள் அதில்தான் வந்து சேர்ந்திருக்கும்.