ஈரச்சால்வை போதாது, அண்ணை

"காட்டுத் தீ அணைப்பவருக்கு வெறும் விறகுப் புகைதானே, ஈரச்சால்வை கட்டினால் போதும், மருத்துவப் பரிசோதனை எதற்கு" என்று மேலே ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். அது பிழை. சால்வை சாம்பலைப் பிடிக்கும், 2.5 மைக்ரோனிலும் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் அதனூடாகப் போய் நுரையீரலின் அடிவரை இறங்கும். தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் சேர்த்துவிட்டது. புகையிலையும் கல்நாரும் (அஸ்பெஸ்டஸ்) இருக்கும் அதே பிரிவு. (ஆதாரம் உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்து சமம் என்று அல்ல.)

ஒட்டுசுட்டான் பக்கம் ஆடி வெயிலில் பச்சைக் குழையால் தீயை அடித்துவிட்டு வந்து மூன்று நாள் கறுத்த சளி துப்பியவன் நான். தீக்காலத்துக்கு முன்னரும் ஒருமுறை ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை வேண்டும். முன் அளவு இல்லாவிட்டால், பிறகு குறைந்ததை எதோடு ஒப்பிடுவது?